ஒன்பது அடிக்கு மேலே ஓர் அங்குலம்

1

இந்தக் கதை பிறக்கக் காரணம் என் அக்காவின் போன். நான் காதலைப் பற்றிப் பெரிதாக ஒன்று எழுத உட்கார்ந்திருந்தேன். "சும்மாதானே இருக்க? வேனை அளக்கணும், வா" என்றாள். எழுதிக்கொண்டிருப்பவனைப் பார்த்தால் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். போனேன். காதல் கதை நாலாவது வரியில் நிற்கிறது. நிற்கட்டும்.

2

முதல் தொடக்கம்: "மாலைச் சூரியன் அந்த வெள்ளை வேனின் மீது—"

(வேண்டாம். வேன் பச்சை. நேரமும் காலை.)

இரண்டாவது: "மனிதன் தன் வீட்டைக் கூடவே சுமந்து செல்ல ஆசைப்படுவது ஏனென்றால்—"

(அக்கா படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.)

மூன்றாவது: அக்கா தையல் கடை வைத்திருக்கிறாள். அவள் வீட்டுக்காரர், என் மாமா, பார்சல் வேன் ஓட்டியவர். கம்பெனி கழித்த வேனை அவரே வாங்கி, கட்டில், அடுப்பு, கூரையில் ஒரு காற்றாடி என்று வீடாக மாற்றிவிட்டார். ஏரிக்கரையில் அந்த வேனுக்குள் ஒரு ராத்திரி தூங்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. அதற்காகக் கடையை மூடியிருந்தாள்; காய்ச்சலுக்குக்கூட மூடாத கடை. ஏரிக்கு ஒரே வழி, ரயில் பாலத்துக்கு அடியில். ஒன்பது அடிக்கு மேற்பட்ட வண்டி நுழையக் கூடாது என்று அங்கே பலகை வைத்திருக்கிறார்கள்.

(அழகான தொடக்கம் இல்லை. ஆனால் வண்டி கிளம்பிவிட்டது.)

3

அளந்த விதம்: நான் கூரையில் ஏறி, காற்றாடி மூடியின் மேல் ஒரு நேர்ப் பலகையை வைத்து நுனியை வெளியே நீட்டினேன். நுனியிலிருந்து தரைவரை அக்கா அளந்தாள். மாமா இரும்பு டேப்பை நீட்ட, "உங்க டேப் மூணு தடவைக்கு மூணு கணக்கு சொல்லும்" என்று தன் தையல் டேப்பையே எடுத்தாள். அது ஐந்து அடிதான். அதனால் வேனின் பக்கவாட்டில் சாக்குக்கட்டியால் கோடு கிழித்து, மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம்.*

"ஒம்பது அடி ஒரு இஞ்ச்" என்றாள். முகம் விழுந்துவிட்டது.

"டயர்ல கொஞ்சம் காத்த இறக்குனா அந்த ஒரு இஞ்ச் போயிடும். ஏறு" என்றார் மாமா.

*கோடு இன்னும் இருக்கிறது. வேனுக்கு இடுப்புப் பட்டை கட்டியது மாதிரி.

4

நாலு டயரிலும் காற்றை இறக்கிக்கொண்டு கிளம்பினோம். பாலத்தின் வாயில் மாமா வேனை நிறுத்தினார். அக்கா இறங்கி அண்ணாந்து பார்த்தாள். இடைவெளி இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அப்போதுதான் கேட்டாள்:

"ஏங்க, நான் மடிப்புக்கு விட்டேனா?"

"என்னத்த விட்ட?"

"ரெண்டு இஞ்ச். யாரை அளந்தாலும் மடிப்புக்கு ரெண்டு சேத்துதான் சொல்லுவேன். யோசிக்கிறதே இல்ல, வாய் தானா சொல்லிடும்."

"வேனுக்கு எதுக்கு மடிப்பு? வளரவா போகுது?"

"அதான் சொல்றேனே, ஞாபகம் இல்லன்னு!"

சேர்த்திருந்தால் வேன் நிம்மதியாகப் போகும். சேர்க்கவில்லை என்றால் மயிரிழைதான். ஒரு குலுக்கலில் காற்றாடி பெயரும், கூரை கிழியும், ஏரி கனவாகிவிடும்.

இந்த இடத்தில் மாமாவைக் கோபக்காரராக்கினால் கதை சூடுபிடிக்கும் என்று தோன்றியது. எழுதியும் பார்த்தேன்: "எல்லாம் உன்னாலதான்டி—"

(அடித்துவிட்டேன். மாமா அக்காவை 'டி' போட்டதே இல்லை. அவர் அன்று ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார்.)

பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். வேனைப் பின்னுக்கு எடுத்து ஓரமாக ஒரு மரத்தடியில் நிறுத்தினோம். மறுபடி அளந்துவிடுவது என்று முடிவாயிற்று. "டீயைக் குடிச்சிட்டு அளப்போம்" என்று மாமா அடுப்பைப் பற்றவைத்தார். "கட்டில் எப்படி இருக்குன்னு பாக்குறேன்" என்று அக்கா படுத்தாள்.

டீ கொதிப்பதற்குள் தூங்கிவிட்டாள்.

5

முடிவு அ: காற்றாடி நசுங்குகிறது. (வாசகர் உச்சுக்கொட்டுவார். எனக்கு மனம் வரவில்லை.)

முடிவு ஆ: வேன் வழுக்கிக்கொண்டு போகிறது. ஏரி மின்னுகிறது. (மாலைச் சூரியன் மறுபடி வந்துவிடும்.)

முடிவு இ: எழுதத் தெரியவில்லை. இருப்பதைச் சொல்கிறேன். பகலில் அக்கா தூங்கி நான் பார்த்ததில்லை. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. பாலத்தின் மேல் ரயில் தடதடவென்று போகிறது, அவள் அசையவில்லை. மாமா அவள் டம்ளரைத் தட்டால் மூடிவிட்டு, ரகசியம் போல என்னிடம், "ஏரியாவது ஒண்ணாவது" என்கிறார். எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால் உங்களுக்கு உயரம் தெரிய வேண்டும். நியாயம்தான், இவ்வளவு தூரம் கூட வந்தீர்கள். டேப் அவள் கழுத்தில் இருக்கிறது, மெல்ல உருவினால் வந்துவிடும். பலகை கட்டிலுக்கு அடியில். கூரைக்கு ஏணி வேனின் பின்பக்கம். ஒரு கால் வைத்தாலே வண்டி முழுக்க ஆடும்.

நான் ஏறப்போவதில்லை. நீங்கள் ஏறத்தான் வேண்டுமென்றால், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள்.