மெஜுவுக்கு இரண்டு வயது

1.

மணிக்கட்டு வலியிலிருந்துதான் இந்தக் கதை வந்தது. கொரியாவின் தெற்குக் கரையில், தொங்யோங் துறையில் சிப்பி உடைக்கும் கொட்டகை. நாள் முழுக்க நின்றபடி கத்தியைத் திருப்பினால், சாயங்காலம் சோப்புக்கட்டிகூடக் கையில் நிற்காது. அங்கே வேலை செய்யும் மால்சுனின் கதை இது. அவள் நாயைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

2.

"பனி கொட்டிய ஒரு காலையில் மால்சுன்…"

வேண்டாம். எங்கள் ஊரில் பனி எப்போதாவதுதான். அழகுக்காகக் கொட்டவைத்தேன்.

குட்டி பிறந்தது வருடக் கடைசியில். அவித்துப் பிடித்த சோயாக் கட்டி மாதிரி முகம். அந்தக் கட்டியின் பெயரையே வைத்தாள்: மெஜு. பிப்ரவரியில் வந்த சந்திரப் புத்தாண்டன்று மால்சுன் அரிசிப்பிட்டு சூப் குடித்தாள். அதைக் குடித்தால் ஒரு வயது கூடும் என்பது எங்கள் வழக்கம்; அவளுக்குக் கூடியது. மெஜுவுக்கும் கூட்டினாள். பிறக்கும்போதே ஒன்று, புத்தாண்டுக்கு ஒன்று, ஆக இரண்டு. மனிதர்களுக்கு நாங்கள் எண்ணி வளர்ந்த கணக்கு அதுதானே. இரண்டு வயது நாய்க்குக் குட்டித் தீனி எதற்கு? பெரிய நாய்த் தீனி ஒரு மூட்டை வாங்கி, ஒரே வேளையில் மாற்றிவிட்டாள்.

(இங்கே அவளை முட்டாளாக்கி ஒரு வாக்கியம் இருந்தது. அடித்துவிட்டேன்.)

3.

மெஜு தண்ணீராய்க் கழிந்தது. பின்னங்கால்கள் நடுங்கின. மால்சுன் அதை மடியில் கட்டிக்கொண்டே வேலைக்கு வந்தாள். பக்கத்துப் பலகையில் சிப்பி உடைத்துக்கொண்டிருந்த தொக்நாம் கேட்டாள்.

"என்னத்தக்கா குடுத்த?"

"வயசுக்குத் தகுந்ததத்தான். ரெண்டாச்சே."

"ரெண்டு மாசம்க்கா. நீ சூப்பு குடிச்சா அதுக்கு எலும்பு முத்திடுமா?"

"ஒனக்குந்தான் வருசா வருசம் வயசு கூடுது. புத்தி கூடுச்சா?"

"கூடல. அதான் சொல்றேன், டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போ. ஒன் பங்கையும் நான் உடச்சு ஒன் பேர்லயே எடை போடுறேன்."

"அதுக்கு எத்தன கை வச்சிருக்க?"

"ரெண்டு. ஒண்ணுதான் வலிக்குது."

(தொக்நாம் நான்தான். வேறு யாரோபோல எழுதினால் கொஞ்சம் நல்லவளாகத் தெரிகிறேன்.)

4.

டாக்டர் சொன்னதை மால்சுன் வந்து சொன்னாள். "ஒரு வருசம் குட்டித் தீனியே போடணுமாம். அப்புறம் பழசுல கொஞ்சங் கொஞ்சமா புதுசக் கலந்து பழக்கணுமாம்."

கத்தியைத் துடைத்தாள்.

"எனக்கு யாரு கலந்து குடுத்தா? வேலைக்கு வயசு வந்துருச்சுன்னு இதே கணக்கச் சொல்லித்தான் சின்னப்புள்ளயா இருந்த என்னய மீன் காயப்போட அனுப்புனாங்க. மீன் பெட்டி என் ஒசரம் இருந்துச்சு."

இதற்குப் பதிலாக நான் ஏதோ சொன்னதாக மூன்று முறை எழுதி…

மூன்று முறையும் அடித்துவிட்டேன். அன்று நான் அடுத்த சிப்பியை எடுத்து உடைத்தேன்.

5.

முதலில் எழுதிய ஒரு முடிவில் மெஜுவைச் சாகவிட்டேன். எழுதும்போது அழுகை வந்தது, ஆனால் பொய். மெஜு பிழைத்துவிட்டது.

இப்போது அடுத்த குளிர்காலம். மெஜுவுக்கு நிஜமாகவே ஒரு வயது. கிண்ணத்தில் பழைய தீனி, மேலே ஒரு பிடி புதியது. மால்சுன் குந்தி உட்கார்ந்திருக்கிறாள். மெஜு முகர்ந்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்கிறது. தின்றதா, வயிறு ஏற்றதா என்பதை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

எப்படி முடித்தாலும் ஒன்று மாறாது. டாக்டரிடம் போன அன்று அவள் பங்கை நான் உடைத்ததற்கு, மால்சுன் எனக்கு ஒரு நாள் சிப்பி உடைத்துத் தர வேண்டும். இன்னும் தரவில்லை.