பதிலுக்கு வந்தவள்

மயிலாடிப் பக்கத்துச் சபைப் பள்ளியில் ஒன்பது வருடமாக இரண்டாம் வகுப்பைக் கட்டி மேய்த்தவள் நேசபாய் டீச்சர். மாமியார் ராகேல் வாதத்தில் விழுந்தபோது, வீட்டில் ராகேல் பெற்ற மகளும் இருந்தாள். கிரேசி. நேசபாயின் புருஷன் ரசலையனுக்குத் தங்கை. டீச்சர் பரீட்சை பாஸாகி, கல்யாணத்துக்குக் காத்துச் சும்மா இருந்தவள். ஆனால் அம்மையின் மூத்திரத் துணியைக் கண்டால் அவளுக்கு ஓங்கரிக்கும். மருமகளுக்கு மூக்கே கிடையாது என்பது அந்த வீட்டாரின் நினைப்பு.

பள்ளி மானேஜரான போதகர் ஆறு மாதம் லீவு கொடுத்தார். "லீவு கழிஞ்சு வா. உனக்க இடம் உனக்குத்தான்" என்றார்.

லீவில் போகிறவரே பதில் ஆளைக் காட்டிவிட்டுப் போகவேண்டும் என்பது அங்கே வழக்கம். வெளியாளை விட்டால் இடத்தைப் பிடித்துக்கொள்வாள் என்று பயந்து, நேசபாய் நாத்தனாரையே காட்டினாள். வேலியே பயிரை மேயும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள்தான்.

ஐந்து மாதம் அள்ளினாள், கழுவினாள், புரட்டிப் படுக்கவைத்தாள். கிழவி முதுகில் ஒரு புண் வரவில்லை. கிரேசி பவுடர் பூசி, மைனி நேசபாயின் குடையையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போய்வந்தாள். ராகேல் செத்த அன்று மார்பில் அடித்துக்கொண்டு அழுததும் அவள்தான்.

மறுவாரம் திங்கட்கிழமை நேசபாய் வெள்ளைச் சேலை உடுத்தி, கிரேசி புறப்படுமுன்பே தன் குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். போதகர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கிரேசிக்கு சோலி இருக்குன்னுதான் மார்த்தாண்டத்து மாப்பிள வீட்டுக்காரங்க சம்மதிச்சிருக்காவ. நீ இடத்த விட்டுக் குடுக்கதா ரசலையன் எழுதித் தந்திட்டான். சோலி உங்க வீட்ட விட்டுப் போவல்லியே, மக்கா."

"எனக்க சோலிய அவிய எப்படி ஐயா எழுதிக் குடுக்கது?"

"புருசன்தானே" என்றார் போதகர்.

கட்டிக்கொண்டு போகிறவளோடு வேலையும் போய்விடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. இரண்டாம் வகுப்பிலிருந்து பிள்ளைகள் கிரேசிக்குக் காலை வணக்கம் சொல்வது கேட்டது. நேசபாய் நிற்கமுடியாமல் வீட்டுக்கு வந்தாள்.

ரசலையன் மரச்சீனிக் கிழங்கு தின்றுகொண்டிருந்தான். எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்டாள்.

"பொறு ஏட்டி. எங்கப்பனுக்கும் ரெண்டு கண்ணும் மங்கியாச்சு. பாக்க ஆளு வேணும்லா?"

நேசபாய் குடையைக் கொடியில் மாட்டவில்லை. கையிலேயே வைத்திருந்தாள்.

"அவருக்கும் மவ உண்டுல்லா. அவ லீவு எடுக்கட்டும்" என்றாள். "பதிலுக்கு நான் போறேன்."