கேட்டால் கையைத் தூக்கு

சைலன்சர் பட்டறைக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். வண்டி சத்தம் போடுகிறது என்று வருகிறவர்கள் ஒரு வகை. போடவில்லை என்று வருகிறவர்கள் இன்னொரு வகை. இவர்கள் பெரும்பாலும் மீசை சரியாக முளைக்காத பையன்கள். அதனால் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி வாடகைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, "அண்ணே, இதுக்குக் கொஞ்சம் சத்தம் வைக்கணும்" என்றபோது, வேறொரு காருக்கு அடியில் படுத்திருந்த பட்டறைக்காரர் தலையை மட்டும் வெளியே நீட்டினார். அவருக்குப் புகை என்று பெயர் வைத்திருந்தார்கள். கூப்பிட்டால் கோபப்பட மாட்டார்.

"வைக்கணுமா, குறைக்கணுமா?"

"வைக்கணும்."

"ரேஸுக்கா போறீங்க, டிரைவரம்மா?"

"ஆமா. ஆஸ்பத்திரிக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் நடுவுல."

புகை சிரித்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றார்.

அவள் கணவர் கொதிகலன் பட்டறையில் வேலை பார்த்தவர். வெளியே ஒருவன் சம்மட்டியால் ஆணியை அடிப்பான். கொதிகலன் உருளைக்குள் உட்கார்ந்திருப்பவன் இரும்புக்கட்டையால் அந்த ஆணியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அவர் உள்ளே உட்காருகிறவர். காதில் பஞ்சு வைத்தால் பொம்பளைப் பிள்ளை என்று கேலி செய்கிற இடம் அது. வேலையை விட்டு வந்த பிறகுதான் காது கணக்கைத் தீர்த்தது. முதலில் வாசல் மணி போயிற்று. அப்புறம் போன் மணி. அப்புறம் வண்டி ஹாரன். பெண்டாட்டியின் பேச்சில் பாதி. இடி கேட்கும், லாரி கேட்கும், பக்கத்து வீட்டில் பீரோவை நகர்த்தினால் கேட்கும்.

வீட்டு வாசலில் அவரே அடித்த இரும்புக் கதவு. அவரைப்போலவே கனமும் பிடிவாதமும். உருட்டித் திறந்தால்தான் வண்டி உள்ளே போகும், அவள் தோள்பட்டை வலிக்கு அது அசையாது. சாயங்காலம் அவள் வரும் சத்தம் கேட்டுப் போய்த் திறப்பது அவர் வேலை. இப்போது சத்தம் கேட்பதில்லை என்பதால் மதியச் சாப்பாடு முடிந்ததும் வாசலில் போய் நின்றுவிடுகிறார். வெயிலிலும் நிற்கிறார், மழையிலும் நிற்கிறார்.

"போன் அடிச்சாப் போச்சு. சட்டைப் பையில அதிருமே."

"அதிருச்சுண்ணே. எடுத்து ஹலோன்னாரு. நான் பேசறது கேக்கல. ஹலோ ஹலோன்னு தெரு முழுக்கக் கத்தினாரு. அதுக்கப்புறம் போனை அலமாரியில வச்சவர்தான்." அவள் கார்ச் சாவியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "உள்ள உக்காந்து அவர் வேலையைப் பாக்கணும். நான் வர்றது காதுல விழுந்தா எந்திரிச்சு வரணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

புகை தலையாட்டினார். ஆனால் அன்று அவர் செய்தது, காது நன்றாக இருக்கிறவனுக்குச் செய்கிற வேலை. பையன்கள் அடித்துப் பிடித்து வாங்குகிற குட்டைச் சைலன்சர் டப்பாவையும் அகலமான பைப்பையும் மாட்டிவிட்டார். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் வண்டி பட்டாசுக்கட்டுபோல வெடித்தது.

மேம்பாலம் ஏறும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பைப் அகலமானதில் மெதுவாகப் போகும்போது இருந்த பிக்கப் காணாமல் போயிருந்தது. சத்தம் முன்னால் ஓடியது, வண்டி பின்னால் நடந்து வந்தது. சிகிச்சை முடிந்து வாரா வாரம் பின்சீட்டில் தூங்கியபடி வீடு போகும் அம்மாள் கண்ணைத் திறந்து, "என்ன கண்ணு, இன்னிக்கு வண்டிக்கும் உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

கணவரிடம் காலையிலேயே சொல்லியிருந்தாள், இன்று வாசலில் நிற்க வேண்டாம் என்று. தெருவுக்குள் திரும்பியதும் நாய்கள் எழுந்தன. மாடிகளில் தலைகள் முளைத்தன. சில வீடுகள் தள்ளியிருக்கும் தையற்காரர் கழுத்தில் டேப்போடு ஓடி வந்தார். கதவுக் கம்பிகளின் வழியே அவளுக்குக் கணவரின் முதுகு தெரிந்தது. முற்றத்தில் உட்கார்ந்து நாற்காலிக் காலுக்கு ஆப்பு அடித்துக்கொண்டிருந்தார். அவள் எஞ்சினை உறுமவிட்டாள். முதுகு அசையவில்லை. இன்னொரு தடவை. கடைசியில் தையற்காரர்தான் மூச்சைப் பிடித்துக் கதவைத் தள்ளினார். நிழல் விழுந்ததும் கணவர் திரும்பினார். தன் கதவை இன்னொருத்தன் திறப்பதைப் பார்த்தார்.

ராத்திரிச் சாப்பாட்டில் விஷயம் வெளியே வந்தது. அவர் தட்டையே பார்த்துக்கொண்டு, "என் காதுக்கு என்னைக் கேக்காம மாப்பிள்ளை பாத்துட்டு வந்திருக்கே" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. ஆனால் அதற்குமேல் சாப்பிடவில்லை.

மறுநாள் இரண்டு பேருமாகப் பட்டறைக்குப் போனார்கள். புகை அவர் காதருகே குனிந்து கத்தினார்.

"கத்தாதய்யா. எச்சில்தான் படுது. மூஞ்சியப் பாத்துப் பேசு."

புகை முகத்தைப் பார்த்துப் பேசினார். எதையும் வெல்டிங் வைக்காமல் கிளாம்ப் போட்டு மாட்டுவது, ஒவ்வொன்றாய்க் கேட்பது, பிடித்ததை மட்டும் ஒட்டுவது என்று முடிவாயிற்று. கணவர் தெருமுனைச் சுவர் வரைக்கும் போய், பட்டறைக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். கேட்டால் கையைத் தூக்க வேண்டும்.

அவர் போய் நின்றார். முதல் டப்பாவுக்குக் கை எழவில்லை. பஞ்சு அடைத்த இரண்டாவதுக்கும் எழவில்லை. அவள் ஆக்ஸிலரேட்டரை மிதித்து வைத்திருந்தாள். பாதி வழியில் இருந்த டயர்க்கடைக்காரன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். மூன்றாவதை எடுத்துக்கொண்டு புகை அடியில் புகுந்தார். கிளாம்ப் பிடிக்கவில்லை, கெட்ட வார்த்தை சொல்லித் திருகிக்கொண்டிருந்தார்.

தெருமுனையில் கை உயர்ந்தது. நன்றாக, தோளுக்கு மேலே.

எஞ்சின் அணைந்துதான் கிடந்தது. சாவி அவள் கையில் இருந்தது.

புகை அடியிலிருந்து எட்டிப் பார்த்தார். அவள் இறங்கித் தெருமுனை வரை நடந்தாள். கை அதுவரை இறங்கவே இல்லை. தோளைத் தொட்டதும் அவர் மலர்ந்த முகத்தோடு திரும்பினார்.

"இதுதான். சூப்பராக் கேக்குது. இதையே ஒட்டச் சொல்லிடு."

அவள் சாவியை அவர் முகத்துக்கு நேரே காட்டினாள்.

அவர் சாவியைப் பார்த்தார். பட்டறையைப் பார்த்தார். கையைக் கீழே போட்டார்.

"இந்நேரத்துக்கு ஸ்டார்ட் பண்ணியிருப்பேன்னு நெனச்சேன்."

"எதுக்குய்யா பொய் சொன்னே?"

"அந்தாளு பாவம், தரையிலயே கெடக்கறான். நீயும் சவாரியெல்லாம் விட்டுட்டு நிக்கறே. ஒண்ணும் கேக்கலன்னு வீட்டுக்குப் போறதுக்கு, கேட்டுச்சுன்னு போனா நல்லாருக்கும்னு பட்டுச்சு."

"நாளைக்கு நீ உள்ள உக்காந்திருப்பே. நான் வெளிய நிப்பேன். அப்பவும் இப்படித்தான் பொய் சொல்லுவியா?"

அவர் சட்டைக்காலர் ஒரு பக்கம் உள்ளே மடிந்திருந்தது. அவள் அதை வெளியே எடுத்துவிட்டாள். அவர் தன் உதட்டைப் பார்க்கும்படி மெதுவாகச் சொன்னாள்: "கேக்கலன்னா கேக்கலன்னு நில்லு. அதுக்காக உன்னை யாரும் விட்டுட்டுப் போகல."

திரும்பி வந்ததும் அவர் புகையிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அங்கே கிடந்த டப்பாக்களைக் காலால் புரட்டிப் பார்த்தார்.

"எல்லாம் குட்டையா இருக்கு. குட்டையா இருந்தா கீச்சுனுதான் வரும், அது எனக்கு ஆகாது. நாங்க அடிக்கற உருளை காலியா, நீளமா இருந்தா ஒரு ஊளை விடும். அது இன்னிக்கும் கேக்கும் எனக்கு. அப்படி ஏதாவது வச்சிருக்கியா?"

புகை யோசித்தார். பிறகு பட்டறையின் பின்பக்கம் போய், உடைசலுக்குப் போன ஒரு வேனின் நீளமான டப்பாவை இழுத்து வந்தார். உள்ளே இருந்த தடுப்புகளெல்லாம் துருப்பிடித்து உதிர்ந்து, வெறும் கூடாக இருந்தது. அதைப் பழைய அளவுப் பைப்பிலேயே பக்கவாட்டில் சேர்த்தார். பைப் மாறாததால் பிக்கப் திரும்பி வந்துவிடும் என்றார். நடுவில் ஒரு மூடி வைத்து, அதிலிருந்து கேபிளை டிரைவர் சீட்டுக்குக் கீழே கொண்டுவந்தார். மூடி அடைத்திருந்தால் வண்டி முன்போலச் சாதுவாக ஓடும், பின்சீட்டு அம்மாள் தூங்கலாம். கேபிளை இழுத்தால் மூடி திறக்கும்.

கணவர் மறுபடி தெருமுனைக்குப் போய் நின்றார். அவள் ஸ்டார்ட் செய்து கேபிளை இழுத்தாள். பட்டறைக் கூரைத் தகரமெல்லாம் தாழ்ந்த குரலில் முனக ஆரம்பித்தது. தெருமுனையில் கை எழவில்லை. அவர் இந்தத் தடவை ஒழுங்காக நின்றார். எழவில்லை என்றால் எழவில்லை.

பிறகு, யாரும் சொல்லாமல், முதுகைத் திருப்பாமலே பின்னால் நடக்க ஆரம்பித்தார். டயர்க்கடைக்கு அருகே வந்தபோது நின்றார். தலையைச் சாய்த்தார். கை எழுந்தது.

அவள் எஞ்சினை அணைத்தாள். கை இறங்கியது.

மறுபடி ஸ்டார்ட் செய்தாள். எழுந்தது. அணைத்தாள். இறங்கியது. அவள் இன்னும் ஒரு தடவை செய்தாள், இன்னும் ஒரு தடவையும்.

"போதும்மா" என்றார் புகை. "செல்ஃப் மோட்டார் போயிரும்."

அவள் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். புகை வெல்டிங் கண்ணாடியைத் தேடுவதுபோல வேறு பக்கம் போனார்.

டயர்க்கடை தூரம்தான் அவருக்குக் கேட்கும். வீட்டுத்தெருவில் அது தையற்காரர் வாசல்வரைக்கும் வரும். அங்கே கேபிளை இழுத்தால், செருப்பைத் தேடாமல் வந்தாரானால், அவர் கதவுக்கு வந்துவிட முடியும். முதல் நாள் வந்துவிட்டார். ஒற்றைச் செருப்போடு.

அந்த வாரக் கடைசியில் அவள் தெருவுக்குள் திரும்பியபோது கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. அவள் இன்னும் கேபிளைத் தொடவேயில்லை. கணவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். குப்பை லாரி அப்போதுதான் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

தையற்காரர் காருக்குள் தலையை நீட்டினார். "இன்னிக்கு இது மூணாவது, தங்கச்சி. தண்ணி லாரிக்கும் திறந்தாரு. சிமெண்டு லாரிக்கும் திறந்தாரு. லாரிக்காரன் பயந்துட்டான்."

வண்டியை உள்ளே விட்டு இறங்கியதும் கணவர் முகத்துக்கு நேரே நின்று கேட்டாள். "என்னய்யா, போற வர்ற லாரிக்கெல்லாம் கதவைத் திறக்கறியாமே?"

"எனக்கு எல்லாம் ஒரே சத்தமாத்தான் இருக்கு. லாரியா நீயான்னு உள்ளேருந்து தெரியல."

"தெரியலன்னா?"

"திறந்து பாக்க வேண்டியதுதான். நீயா இருந்துட்டா?"

"லாரிக்காரன் உள்ள வந்துட்டா என்ன பண்ணுவே?"

"டீ குடுத்து அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு அவர் கதவில் தோளைக் கொடுத்தார். அவளும் வலிக்காத தோளைப் பக்கத்தில் கொடுத்தாள். கதவு முனகிக்கொண்டு உருண்டது.