செவலையின் பத்தியம்

ரஞ்சிதாவின் வீட்டில் யார் மருந்து சாப்பிட்டாலும் பத்தியம் உண்டு. காய்ச்சல் மாத்திரைக்குக்கூட மூன்று நாள் மீன் கிடையாது, கத்தரிக்காய் கிடையாது, வெறும் கஞ்சிதான். அதனால் செவலை மாட்டுக்குக் குடற்புழு மாத்திரை கொடுத்த அன்றே மாட்டுக்கும் பத்தியம் வைத்துவிட்டாள். புண்ணாக்கு நின்றது, பச்சைப் புல் நின்றது. வைக்கோல் மட்டும், அதுவும் அரை வயிற்றுக்கு. வயிறு காலியாக இருந்தால் மருந்து வேலையை முடித்துக்கொண்டு சீக்கிரம் வெளியேறிவிடும் என்று நினைத்தாள்.

குன்றாண்டார்கோவிலுக்குக் கிழக்கே இருக்கும் அந்தச் சின்ன ஊரில் ஒரு தனியார் கம்பெனிக்குப் பால் அளந்து வாங்குகிறவள் அவள்தான். மகா கறார்ப் பேர்வழி. மாட்டுக்கு ஊசி போட்ட வாரத்தில் பால் கொண்டுவந்தால் யாராக இருந்தாலும் வாசலோடு திருப்பிவிடுவாள். சொந்தச் சித்தப்பாவையே திருப்பியிருக்கிறாள். ஊரில் பாதிப் பேருக்கு அவளைக் கண்டால் ஆகாது. ஆனாலும் அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அந்தப் பாதிப் பேரும் ஒப்புக்கொள்வார்கள். புருஷன் போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியிருந்தது அந்தப் பேர் ஒன்றுதான்.

மாட்டு டாக்டர் சத்யபிரியா ஏழு நாளைக்குப் பாலை ஊற்றக்கூடாது என்று சொல்லியிருந்தார். ரஞ்சிதா ஏழு நாளும் பாலைக் கறந்து கொல்லையில் குழி தோண்டிக் கொட்டினாள். பாலைத் தரையில் கொட்டுவதை யாராவது பார்த்தால் பாவம் என்பார்கள் என்று விடியும் முன்னே கொட்டி, மண்ணையும் தள்ளி மூடினாள். எட்டாம் நாள் நிம்மதியாகக் கேனில் ஊற்றினாள்.

அன்றைக்குத்தான் கம்பெனிக்காரர்கள் வந்து ஒவ்வொருவர் பாலிலும் மாதிரி எடுத்தார்கள். அதற்கு நாலாம் நாள் முடிவு வந்தது. மற்றவர்கள் பால் சுத்தம். ரஞ்சிதாவின் பாலில் மருந்து. கம்பெனி பத்து நாளைக்கு ஊரில் பால் வாங்கும் மையத்தையே மூடியது. ஊர்ப் பால் முழுவதும் வாங்க ஆளில்லாமல் வீட்டுக்கு வீடு திரிந்துபோனது. ஏழு நாள் கொட்டினேன் என்று அவள் சொன்னாள். யார் பார்த்தது என்று கேட்டார்கள். யாரும் பார்க்கவில்லை.

அவள் இலுப்பூரில் நடந்த மாட்டு வைத்திய முகாமுக்கே போய் டாக்டரைப் பிடித்தாள். அந்த ஏழு நாளும் மாட்டுக்கு என்ன போட்டீர்கள் என்று கேட்டார் டாக்டர். அவள் பத்தியத்தைச் சொன்னாள்.

"மாடு வயிறு நெறயத் தின்னாத்தான்க்கா குடல் ஓடிக்கிட்டே இருக்கும், மருந்தும் சாணியோட போயிரும். கொஞ்சூண்டு வைக்கோலப் போட்டுக் காயப்போட்டா மருந்து உள்ளயே தங்கும். ரத்தத்துல கூடுதலா ஏறும், பால்லயும் ரொம்ப நாளு வந்துக்கிட்டே இருக்கும். வழக்கம்போலத் தீனி போடுங்கன்னு நான் சொல்லியிருக்கணும்." பிறகு அழுத்தமாக ஒன்றைச் சொன்னார். "அதுக்காகப் பச்சைப் புல்லு போட்டா நாளு கொறையும்னு எடுத்துக்காதீங்க. ஏழு நாளு ஏழு நாளுதான்."

ரஞ்சிதாவுக்கு அழுகை வந்தது. வாயில்லாத மாட்டைப் பட்டினி போட்டு, அதன் மடியிலேயே மருந்தைக் கட்டிவைத்த மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் தான் பொய் சொல்லவில்லை என்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டதே என்ற சந்தோஷமும் இருந்தது. அன்று சாயங்காலமே ஊர்க்காரர்களைப் பால் கொட்டகையில் கூட்டி, டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். ஏழு நாள் ஏழு நாள்தான் என்றதையும் சேர்த்துத்தான்.

எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். ஆறு மாடு வைத்திருக்கிற முனியசாமி, ஆகத் தப்பு அவள் மேல்தான் என்று அவளே சொல்லிவிட்டாள் என்று பேச்சை முடித்தான். மையம் திறந்தபோது அளக்கிற வேலை அவனுக்குப் போனது. செவலைப் பாலை மூன்று மாதத்துக்கு வாங்குவதில்லை என்றும் முடிவானது. அதற்குள் பச்சைப் புல் தின்று தேறி, செவலை முன்னைவிட இரண்டு லிட்டர் கூடுதலாகக் கறந்தது. நல்ல பால். அதை டீக்கடைக்காரன் தயவில் பாதி விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் ஊரிலேயே முகாம் போட்டார்கள். போன மாதம் போட்ட செவலையைத் தவிர அத்தனை மாட்டுக்கும் குடற்புழு மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் ரஞ்சிதா டீக்கடைக்குப் போகும் வழியில் பார்த்தால், கொட்டகை வாசலில் எப்போதும் போல வரிசை. முனியசாமி பெண்டாட்டி அழகி குடம் நிறையப் பாலைக் கேனில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, மாத்திரை போட்டு மூணு நாளுதானே ஆச்சு?"

அழகி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பச்சை போட்டாச்சுல்ல. மூணு நாளா அறுத்து அறுத்துப் போட்டு இடுப்பு ஒடிஞ்சு போச்சு. பச்சை போட்டா மருந்து சாணியோட போயிரும்னு நீதானே சொன்ன?"

வரிசையில் நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஏழு நாளையும் சொன்னேனே என்றாள் ரஞ்சிதா. அது யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. அவளுடைய பேச்சில் தங்களுக்கு வேண்டியதை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அவளிடமே விட்டுவிட்டார்கள். யார் வீட்டுக் குழந்தையோ குடிக்கப் போகிற பால்.

கம்பெனி அதிகாரியின் நம்பர் அவளிடம் இருந்தது. இதைச் சொன்னால் ஊர் அப்புறம் அவளைச் சேர்க்காது என்று தெரிந்தேதான் கூப்பிட்டாள். மாத்திரை போட்ட மூன்றாம் நாள் பால் போகிறது, இன்றைக்கே மாதிரி எடுங்கள் என்று கெஞ்சினாள். அவர் ஊர்ப் பேரைக் கேட்டார், அவள் பேரைக் கேட்டார்.

"ஓ, நீங்களா. அந்த சென்டர்ல பிரச்சினையே ஒங்க மாடுதானேம்மா. அதத்தான் எடுத்துட்டோமே."

போன் கட்டானது. வேன் வந்து நின்றது, கேன்களை ஏற்றினார்கள்.