செத்த கிருமியின் வாசம்

மாலியின் தலைநகர் பமாக்கோவிலிருந்து மேற்பார்வைக்கு வந்த டாக்டர் சுமானா கூலிபாலி, மலேரியா தேறிப் பத்து நாளாகக் கம்பு இடித்துக்கொண்டிருந்த பெண்ணை விடாப்பிடியாக ஊர்ச் சுகாதார நிலையத்துக்குள் கூப்பிட்டு, விரலில் குத்திச் சோதனை அட்டையில் ரத்தம் விட்டார். இரண்டு கோடு விழுந்தது.

"கிருமி அப்படியே இருக்கு! என்னத்த வைத்தியம் பண்ணிக் கிழிச்சே?" என்று ஊர்ச் சுகாதாரப் பணியாளர் அசித்தான் கெய்த்தா என்பவளின் மேல் பாய்ந்தார்.

அசித்தானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லவேளை, கெய்த்தா குலமும் கூலிபாலி குலமும் பரம்பரைக் கேலிமுறைக்காரர்கள். கூலிபாலிகளைக் 'காராமணி தின்னி', வாயு பிரிக்கிறவர்கள் என்று கெய்த்தாக்கள் எத்தனை கிண்டல் செய்தாலும் கோபப்படக் கூடாது.

"கிருமி எப்பவோ செத்தாச்சு, டாக்டரய்யா. ரத்தத்துல இருந்தப்ப அது கக்கின புரதத்தைத்தான் அட்டை காட்டுது. அது போக வாரக்கணக்காகும்."

"ஆளே இல்லாம அடையாளம் மட்டும் எப்படிம்மா இருக்கும்?"

"காராமணி தின்னி கேக்குற கேள்வியா இது? நீங்க எழுந்து போன பிறகும், உட்கார்ந்திருந்த இடம் உங்களக் காட்டிக் குடுக்கலையா?"

மருந்துக்கு வரிசையில் நின்ற பெண்கள் வெடித்துச் சிரித்தார்கள். முறை என்று வந்துவிட்டதால் டாக்டரும் பல்லைக் காட்டித்தான் ஆகவேண்டியிருந்தது.

அசித்தான் எழுந்துபோய் ஜன்னலை அகலத் திறந்து வைத்தாள்.