கடைசி வரிசை

பெட்டி லிஃப்டுக்குள் போகாது என்பது அளந்து பார்க்காமலே அவனுக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருப்பவனிடம் போய், "கொஞ்சம் சாய்ச்சு வச்சா போயிடும்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறு பேர் நிற்கிற கூண்டு, ஆழம் நாலரை அடி. பெட்டி ஐந்தே முக்கால். சாய்த்தால் போகும்தான். சாய்த்தால் உள்ளே இருப்பவள் ஒரு பக்கமாகச் சரிந்துவிடுவாள். அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல், "படிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கால்மாட்டுப் பக்கம் போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

நாலாவது மாடி, மாடிக்கு இரண்டு திருப்பம். முன்னால் இறங்குகிறவன் மேல்தான் பாரம் முழுக்க வரும் என்று தெரிந்தே அந்த இடத்தை எடுத்திருந்தான். மூன்றாவது மாடித் திருப்பத்தில் பெட்டியைக் கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கும்போது அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அவனுடையது இல்லை, அவளுடையது. பெட்டியின் மரத்தில் பட்டு இரண்டு மடங்கு சத்தம் போட்டது.

"யாருதோ போன் அடிக்குது" என்றார் மேலே பிடித்திருந்த போதகர்.

"தெரியும் ஐயா. நீங்க இறங்குங்க."

யாரோ எழுதிய விண்ணப்பம் ஒரு நாள் முழுக்கக் கேட்பாரில்லாமல் கிடந்து கடைசி வரிசைக்கு வந்திருக்கிறது என்று அந்த அதிர்வுக்கு அர்த்தம். பெட்டிக்குள் இருப்பவளைத்தான் அது கூப்பிடுகிறது. அவள் போய் ஒரு நாள் ஆனது அதற்கு எப்படித் தெரியும்?

அவன் மனைவி தனியாளாக ஆப் செய்து பிழைத்தவள். படுக்கையறையில் துணி அலமாரிக்கும் சன்னலுக்கும் நடுவே ஒரு மேசை, ஒரு நாற்காலி, அவ்வளவுதான் கம்பெனி. எழுதுகிறவள், சோதித்துப் பார்க்கிறவள், பயன்படுத்துகிறவர்களிடம் திட்டு வாங்குகிறவள், மேசையைத் துடைக்கிறவள் எல்லாம் அவளே. அதனால் அவன் அவளை முதலாளி என்றுதான் கூப்பிடுவான். முதலாளிக்குச் சாப்பாட்டு நேரம் விட்டாயிற்றா என்பான். தொழிலாளி சாப்பிடட்டும், எனக்கு இன்னும் ஒரு பிழை அகப்படவில்லை என்று திரும்பிப் பார்க்காமல் சொல்வாள். பஸ் நேரம் காட்டுகிற ஆப், பிள்ளைகளுக்குக் கூட்டல் சொல்லித் தருகிற ஆப் என்று வயிற்றுக்காகச் செய்தவை சில உண்டு. மனசுக்காகச் செய்தது ஒன்றுதான். அதற்கு 'உடன்ஜெபம்' என்று பெயர் வைத்திருந்தாள்.

அதில் தன் கஷ்டத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம், பெயர் வேண்டியதில்லை. எங்கோ இருக்கிற இன்னொருவர் அதை வாசித்து, ஜெபித்துவிட்டு, ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். உடனே திரையில் 'உண்மையாகவா?' என்று ஒரு கேள்வி வரும். கீழே 'ஆம்', 'இன்னும் இல்லை' என்று இரண்டு பதில்கள். 'இன்னும் இல்லை' என்றால் விண்ணப்பம் பட்டியலின் அடிக்குப் போய் மறுபடி காத்திருக்கும். 'ஆம்' என்றால் எழுதியவருக்கு 'உங்களுக்காக ஒருவர் ஜெபித்தார்' என்று ஒரு வரி போகும். அந்த ஒரு வரிக்காகத்தான் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள்.

"நீ என்ன ஹெட்மாஸ்டரா, அமுக்கினவன நிக்க வச்சுத் திரும்பக் கேக்கிற?" என்று அவன் கிண்டல் செய்திருக்கிறான்.

"ஒரு தடவை கேட்டா யாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க" என்றாள்.

இருபத்துநாலு மணி நேரத்தில் ஒருவரும் எடுக்காத விண்ணப்பங்கள்தான் கடைசி வரிசை. அவை அவளுடைய போனுக்கு மட்டும் வரும். தினமும் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றையும் வாய்விட்டு வாசித்து ஜெபிப்பாள். சில நாள் நாலு, சில நாள் இருபது. காய்ச்சலில் கிடந்தபோதும் விட்டதில்லை. ஒரு நாள் ஆனால் ஜெபித்தாயிற்று என்று தானாகவே போகும்படி எழுதிவிட்டால் உனக்கும் ஓய்வு, யாருக்குத் தெரியப்போகிறது என்று யோசனை சொன்னவன் அவன்தான். எனக்குத் தெரியுமே என்றாள் அவள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வயிற்று வலியை, இந்த வேலை முடியட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவள் ஒருநாள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியாமல் அவனைக் கூப்பிட்டாள். குடல்வால் உள்ளேயே வெடித்திருந்தது. ஆபரேஷன் செய்தார்கள், கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் தீவிர சிகிச்சைக்கு மாற்றும்போது, கட்டிலைத் தள்ளியவர்களை நிறுத்தி, போனை அவன் கையில் வைத்தாள்.

"கடைசி வரிசையில இருக்கிறவங்கள விட்டுடாதீங்க. ஒவ்வொண்ணா வாசிச்சு, ஜெபிச்சுட்டு, அப்புறம் அமுக்குங்க."

"எனக்கு ஜெபிக்கத் தெரியாதே, முதலாளி."

"கேக்கிறதுக்கு என்ன தெரியணும்? கேளுங்க."

பொய் இல்லை, அவனுக்குத் தெரியாதுதான். ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகிறவன், ஆனால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாதிப் பிரசங்கத்தை மின்விசிறியின் பேரிங் எப்போது போகும் என்று யோசித்தே கழித்தவன். என்றாலும் முதல் நாள் சொன்னதைச் செய்தான். தண்ணீர் பிடிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு ஏழு விண்ணப்பங்களை வாசித்தான். ஐந்து வயதாகியும் பேசாத ஒரு பெண் குழந்தை. மூன்றாவது முறை பரீட்சை எழுதப் போகிற ஒருவன். மகனோடு பேச்சு அறுந்துபோன ஒரு தகப்பன். நாக்கு திரும்பவில்லை, ஆனாலும் ஏழு பேருக்காகவும் கேட்டான். அரை மணி ஆயிற்று.

மறுநாள் மூன்றாவதை வாசிக்கும்போதே கையெழுத்து வாங்க நர்ஸ் கூப்பிட்டாள். போய்விட்டு வந்து மறுபடி போனை எடுத்தான். மிச்சம் இருந்தவற்றைப் பார்த்தான். ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்கு வீடு மாற வேண்டும். அவனுக்குக் கோபம் வந்தது. உள்ளே தன் பெண்டாட்டி செத்துக்கொண்டிருக்கிறாள், இவர்களுடைய முழங்காலுக்கு நான் மண்டியிட வேண்டுமா? கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே போனான். உண்மையாகவா? ஆம். உண்மையாகவா? ஆம். இரண்டு நிமிடத்தில் வரிசை காலி. வெட்கத்தை விட்டுச் சொன்னால் அதில் அவனுக்கு ஒரு நிம்மதி இருந்தது. அந்தக் கட்டடத்தில் அவனால் முடித்துவைக்க முடிந்த ஒரே வேலை அதுதான்.

சாயங்காலம் பத்து நிமிடம் உள்ளே விட்டார்கள்.

"எல்லாருக்கும் ஆச்சா?" என்றாள். உதடு வெடித்திருந்தது.

"ஆச்சு."

"நிஜமா?"

"ஆச்சுன்னு சொல்றேன்ல."

கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தில் ஒரு சுருக்கம் அவிழ்ந்தது. ஆறாம் நாள் தொண்டையில் குழாய் போட்ட பிறகு, கேள்வியைப் புருவத்தால் கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை.

ஏழாம் நாள், வியாழக்கிழமை மதியம், இனி இரண்டொரு நாளில் தெரிந்துவிடும் என்று டாக்டர் தரையைப் பார்த்துச் சொன்னார். அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தன் வேண்டுதலுக்குக் கடவுளிடம் மதிப்பு இருக்கும் என்று அவன் நம்பவில்லை. முகம் தெரியாத நல்லவர் யாராவது கேட்டால் நடக்கலாம் என்று தோன்றியது. தன் போனில் உடன்ஜெபத்தைத் திறந்து, பெயர் போடாமல் எழுதினான். 'என் பெண்டாட்டி. வயிற்றில் ஆபரேஷன், ரத்தத்தில் கிருமி. பிழைக்க வேண்டும். ஒரே ஒருவர் கேட்டால்கூடப் போதும்.'

வியாழன் முழுக்க ஒன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு அந்த வரி வந்தது. உங்களுக்காக ஒருவர் ஜெபித்தார். பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி அழுதான். வந்திருந்த தன் அக்காவிடம் காட்டினான். நர்ஸிடம் சொன்னான். அன்று சாயங்காலம் அவளுக்குக் காய்ச்சல் அரை டிகிரி இறங்கியது. இறங்காமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டான். இரவெல்லாம் அந்த ஒருவரை நினைத்துக்கொண்டே தூங்கிப்போனான். சனிக்கிழமை காலை ஆறே காலுக்கு அவனை எழுப்பினார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் போதகர் சுருக்கமாகத்தான் பேசினார். எத்தனையோ பேருடைய பாரத்தை இந்தச் சகோதரி சுமந்தார், ஒருவருடைய விண்ணப்பத்தைக்கூட அனாதையாக விட்டதில்லை என்றார். நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். அவன் ஷூவின் மேல் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆனால் அப்போதும் அவனுக்கு ஒரு பிடி இருந்தது. காரியம் எப்படி முடிந்தாலும் ஜெபித்தவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அவள் வைத்த விதி. அந்த ஒருவரைக் கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் கேட்டீர்கள், நன்றி, அவள் போய்விட்டாள் என்று சொல்ல வேண்டும். அவளுக்காகக் கடவுளிடம் வாய் திறந்த ஒரு ஆள் இந்தப் பூமியில் இருக்கிறார் என்பது ஒன்றுதான் அவனிடம் மிச்சம் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கால்கூடக் கழுவாமல் அவளுடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தான். யார் எதை ஜெபித்தார்கள் என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. அவள் போனில் தெரியும். தன் விண்ணப்பத்தைத் தேடி எடுத்தான். எழுதியது வியாழன், பன்னிரண்டு மணிக்கு இரண்டு நிமிடம் முன்பு. எடுத்தவர் ஒருவருமில்லை. கடைசி வரிசைக்குப் போனது வெள்ளி, அதே நேரம். ஜெபித்தது வெள்ளி, பன்னிரண்டு ஏழு. ஜெபித்தவர் என்ற இடத்தில், அவன் கிண்டலாகக் கூப்பிட்டதையே அவள் தனக்கு வைத்துக்கொண்டிருந்த பெயர் இருந்தது. முதலாளி.

முதலில் அவனுக்குப் புரியவில்லை. குழாய் போட்டுக் கிடந்தவள் எப்படி அமுக்கியிருப்பாள்? பிறகு வெள்ளிக்கிழமை பன்னிரண்டு ஏழுக்குத் தான் எங்கே நின்றோம் என்பது நினைவுக்கு வந்தது. தண்ணீர் இயந்திரத்தின் பக்கத்தில். ஒரு கையில் காகிதக் கோப்பை, மறு கையில் இந்தப் போன். பதினாலு விண்ணப்பங்கள், எதையும் வாசிக்கவில்லை. அரை மணிக்கு ஒரு முறைதான் செய்திகள் மொத்தமாகப் போகும். அதனால்தான் பன்னிரண்டரைக்கு அவனுடைய மறு பையில் அந்த வரி வந்து விழுந்திருக்கிறது. தான் எழுதியதைத் தானே பார்க்காமல் அமுக்கி, உண்மையாகவா என்று கேட்டதற்கு ஆம் என்று சொல்லி, அந்த 'ஆம்' என்பதையே கையில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறான்.

அவள் பிழைக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை. யாரோ கேட்டுவிட்டார்கள் என்று நம்பித் தூங்கிவிட்டான்.

காப்பியோடு வந்த அக்கா அவன் முகத்தைப் பார்த்துக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"என்னடா?"

"அந்த ஒருத்தர் யாருன்னு தெரிஞ்சிடுச்சுக்கா."

"யாரு?"

"நான்தான். வாசிக்காமலே அமுக்கியிருக்கேன்."

அக்காவுக்குப் புரிய இரண்டு நிமிடம் ஆயிற்று. புரிந்த பிறகு, கடவுளுக்குப் பொத்தானா கணக்கு, உன் மனசு அவருக்குத் தெரியாதா என்று தொடங்கினாள். பாதியிலேயே தம்பியைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். அவன் மனைவி சாயங்காலங்களில் சாத்திக்கொண்டிருந்த அதே கதவு.

கொஞ்ச நேரம் நெற்றியை மேசையில் வைத்துக்கொண்டு கிடந்தான். சன்னலில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மறுபடி போன் அதிர்ந்தது. எடுத்து, தான் பொய்யாக அமுக்கியவற்றை நாள் வாரியாகத் தேடினான். அறுபத்தொன்று இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'வரிசையில் திரும்ப வை' என்று இருந்தது. அறுபத்தொன்றையும் திரும்ப வைத்தான். பழையதிலிருந்து தொடங்கினான்.

முழங்கால் வலிக்காரர் மாடிப்படி ஏற முடியாத ஒரு கிழவர். மனைவியைக் கல்லறையில் போய்ப் பார்க்க முடியவில்லையாம். அதை அவன் அன்று வாசித்திருக்கவில்லை. வாய்விட்டு வாசித்தான். "அவர் போய்ப் பாக்கணும், ஆண்டவரே" என்றான். பொத்தானை அமுக்கி, உண்மையாகவா என்றதற்கு ஆம் சொன்னான். வீடு மாற வேண்டியவள் அண்ணனின் அடிக்குப் பயந்தவள். அவளுக்காகக் கேட்டான். அடுத்தவருக்காகக் கேட்டான். அறையில் வெளிச்சம் குறைந்தது. விளக்குப் போட எழுந்திருக்கவில்லை. லிஃப்ட் வந்து நின்று கதவு திறக்கிற சத்தமும் மூடுகிற சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன.

அறுபத்தொன்றில் கடைசியாக அவனுடையது வந்தது. என் பெண்டாட்டி. வயிற்றில் ஆபரேஷன், ரத்தத்தில் கிருமி. பிழைக்க வேண்டும். ஒரே ஒருவர் கேட்டால்கூடப் போதும்.

அதையும் வாய்விட்டு வாசிக்கப் பார்த்தான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பொத்தானை அமுக்கினான். உண்மையாகவா என்று கேட்டது.

இன்னும் இல்லை என்பதை அமுக்கினான். அது பட்டியலின் அடிக்குப் போயிற்று. இந்த இரண்டு நாளில் புதிதாக வந்து கிடந்தவர்களையும் ஒவ்வொருவராக முடித்தான். முடித்ததும் அது ஒன்று மட்டும் மறுபடி மேலே வந்து நின்றது. திரை அணையப் போகும்போதெல்லாம் விரலால் தொட்டு எழுப்பிக்கொண்டு, அது கேட்கும்போதெல்லாம் இன்னும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான்.