பாடாத வாய்க்குத் துணி

“கட்டு!”

“கட்ட மாட்டேன்!”

“கட்டுன்னு சொல்றேன், நீ பாட்டுக்கு…”

“நான் பாட்டுக்குப் பருப்பு பொறுக்கறேன், நீ பாட்டுக்கு நில்லுய்யா! வாயில துணி கட்டிக்க நான் இன்னா போர் ஓட்டற மாடா?”

“மாடுகூட சொன்னா கேட்கும்!”

“அது கேட்கும். அதுக்கு உன் மூஞ்சியைப் பத்தித் தெரியாது!”

திண்டிவனம் ரயிலடிக்குப் பின்னால் இருந்த மல்லாட்டை மில்லில், அதாவது வேர்க்கடலை மில்லில், அன்றைக்குப் பருப்பு பொறுக்க உட்கார்ந்த அத்தனை பெண்களும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். சண்டை போட்டது பொன்னி. எதிரே ஒரு கத்தை வெள்ளைத் துணியோடு நின்றவர் மேஸ்திரி கோதண்டபாணி. மெஷின் உடைத்துத் தள்ளிய மல்லாட்டையில் ஓடும் சொத்தையும் நீக்கி, நல்ல பருப்பைத் தனியாக எடுப்பதுதான் பெண்களின் வேலை. எடுக்கிறபோது வாயில் போட்டுக்கொள்கிறார்கள் என்பது மேஸ்திரியின் கவலை. அதனால் இந்தத் துணி.

“நீங்க தின்னுத் தின்னே மூட்டை இளைச்சுப் போவுது. விழுப்புரத்துலருந்து மொதலாளி வந்து கேட்டா நான் இன்னா சொல்றது?” என்று கேட்டு, மேஸ்திரி எதையோ மென்றார். எப்போதும் மெல்லுவார். கேட்டால் வெற்றிலை என்பார்.

“வாயி சும்மா இருந்தாத்தானேய்யா திங்கும்? பாடிக்கினே இருந்தா எப்படிப் போவும் பருப்பு? பாடறவ வாயில ஈகூடப் போவாது!”

பொன்னி கோபத்தில்தான் சொன்னாள். மேஸ்திரிக்கோ அது புத்தம் புதுச் சட்டமாகக் கேட்டது.

“அப்படியா? சரி, பாடுங்க. காலையில உட்கார்ந்ததுலருந்து மத்தியான மணி அடிக்கிற வரைக்கும் பாட்டு நிக்கக் கூடாது. ஆளுக்கு ஒண்ணா முறை வெச்சுப் பாடணும், மத்தவங்க கூடவே பின்பாட்டுப் பாடணும். பாடாத வாய்க்குத் துணி!”

முறை வைத்துப் பாடினார்கள். நடவுப் பாட்டு, நலுங்குப் பாட்டு, மாரியம்மன் பாட்டு. ஏழாவதாக உட்கார்ந்திருந்தவள் இருதயசெல்வி. அவள் முறை வந்தது. வாயைத் திறந்தாள். காற்று வந்தது. சத்தம் வரவில்லை.

“தோ பாரு, இவதான் திருடி!” என்று மேஸ்திரி துணியை நீட்டினார்.

“யோவ், அது வாயில்லாப் பூச்சிய்யா!”

“இனிமே துணியுள்ள பூச்சி. கட்டும்மா, ஜல்தி!”

செல்வி கட்டிக்கொண்டாள். அந்தக் கொட்டகையில் துணி கட்டியது அவள் ஒருத்திதான்.

அவள் பிறந்தது விழுப்புரம் ஜங்ஷனை ஒட்டிய ரயில்வே குடியிருப்பில். எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வீட்டில் எல்லாரும் கத்துவார்கள். எட்டுப் பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவளுக்குக் கத்த முறையே வரவில்லை. மாதா கோயிலில்கூட உதட்டை மட்டும் அசைப்பாள்.

சாயங்காலம் புருஷன் இன்னாசிராஜ் விஷயத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

“உனக்குத் துணியா? எந்த ஊரு நியாயம் இது? கல்யாணத்தன்னிக்கு ‘சம்மதம்’னு நீ சொன்னது சாமியாருக்கே கேட்கல. ரெண்டாந்தரம் கேட்டாரு.”

“சிரிக்காதீங்க. துணி கெடக்குது, அது ஒண்ணும் பெரிசில்ல. புள்ளைதான்.”

“புள்ளைக்கு இன்னா?”

“வெளிய வேப்ப மரத்துல மத்தவங்க மாதிரி நானும் தூளி கட்டிப் போட்டிருக்கறேன் இல்ல? முனியம்மாக் கெழவி ஆட்டிக்கினுதான் இருக்குது. ஆனா பத்து மணிக்கு மேல பசிச்சு அழுதா நான் போவ முடியல. மத்தியான மணி அடிக்காம வாசப்படி தாண்டக் கூடாதாம். அது அழுவுது, எனக்கு இங்க ரவிக்கை நனையுது.”

இன்னாசிராஜின் சிரிப்பு நின்றது.

“மேஸ்திரிகிட்டக் கேளேன்.”

“கேட்டேன்.”

“இன்னா சொன்னான்?”

“அவருக்குக் காதுல விழல.”

மறுநாள் காலை அமல்ராணி அழ ஆரம்பித்தாள். ஆறு மாதக் குழந்தை, விழுப்புரத்துத் தாத்தாவின் தொண்டை. ஜன்னல் கம்பி வழியாக அழுகை கொட்டகைக்குள் வந்தது. செல்வியின் கை பருப்பில் நிற்கவில்லை.

“செல்வி, உன் முறை வருதுடி” என்றாள் பக்கத்தில் இருந்த பொன்னி. “எதுனா பாடு. ‘ஆ’ன்னாச்சும் சொல்லு.”

செல்வி துணியைக் கழுத்துக்கு இறக்கினாள். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். “ஆராரோ…” என்றாள். பிறகு இன்னும் கொஞ்சம் சத்தமாக, “ஆரிரரோ…”

தூளியில் அழுகை நின்றது. கொட்டகையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“யாருடி அது பாடறது?”

“நம்ம செல்வியா?”

“இந்தத் தொண்டையை எந்தப் பொட்டியில வெச்சுப் பூட்டியிருந்த?”

“பேசாதீங்க, பாடுங்க!” என்றார் மேஸ்திரி. ஆனால் துணியைத் திரும்பக் கட்டச் சொல்ல அவருக்கு வழியில்லை. பாட்டுதானே சட்டம்?

அன்று முதல் செல்வி தாலாட்டுதான் பாடினாள். குரல் கேட்டால் குழந்தை கொஞ்ச நேரம் அடங்கும். பசி முற்றினால் எந்தப் பாட்டுக்கும் அடங்காது. அப்போது செல்வி மேஸ்திரியைப் பார்ப்பாள். மேஸ்திரி, மணி என்று கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டுக்குப் பக்கத்தில், அடிக்கிற இரும்புக் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, மென்றபடி மேலே கூரையைப் பார்ப்பார்.

சனிக்கிழமை முதலாளி வேங்கடேசன் விழுப்புரத்திலிருந்து ரயிலில் வந்தார். மேஸ்திரிக்குத் தரையில் கால் பாவவில்லை.

“பாருங்க மொதலாளி, நான் போட்ட சட்டம். எல்லா வாயும் பாடிக்கினே இருக்குது. ஒரு பருப்பு உள்ள போவாது.”

“பரவாயில்லையே! சினிமாக் கொட்டாய் மாதிரி இருக்குதே!”

“பாடாத வாய்க்குத் துணி மொதலாளி. யாரா இருந்தாலும் சரி!”

வெளியே அமல்ராணி ஆரம்பித்தாள். உள்ளே செல்வியின் முறை வந்தது. அழுத பிள்ளையை யார் அதட்டினார், யார் கிள்ளினார் என்று அத்தை மாமனை எல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிப்பது தாலாட்டின் வழக்கம். செல்வியும் விசாரித்தாள்.

“அத்தைமாரு உன்னை அதட்டலையே கண்ணே,
சித்திமாரு உன்னைச் சீண்டலையே பொன்னே,
பால் குடிக்கும் நேரத்திலே பசிச்சு நீ அழுதா
மணிக்கம்பி பிடிச்சுக்கினு நிக்குறாரே மாமா!”

“ஆராரோ ஆரிரரோ!” என்றது கொட்டகை. பொன்னியின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே.

முதலாளி புன்னகையோடு தலையாட்டினார். மேஸ்திரியின் தாடை கொஞ்சம் மெதுவானது. செல்வி கண்ணைப் பருப்பிலிருந்து எடுக்கவில்லை. குரலைத்தான் எடுத்தாள்.

“பாடுற வாயெல்லாம் பாட்டிருக்கு கண்ணே,
பாடாத வாயொண்ணு அசையுதடி பொன்னே,
வெத்திலையின்னு சொன்னாக்கா உதடு செவக்கலையே,
சட்டைப் பை ரெண்டும் ஏன் புடைச்சிருக்கு மாமா?”

‘ஆராரோ’ சொல்ல யாராலும் முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். முதலாளி திரும்பினார். மேஸ்திரியின் தாடை அப்படியே நின்றது.

“கோதண்டபாணி, நாக்கை நீட்டு.”

“ம்ம்.”

“‘ம்ம்’ இல்ல. நாக்கு.”

நீட்டினார். வெள்ளை வெளேர் என்று மல்லாட்டை மாவு.

“சட்டம் யாரு போட்டது?”

“நாந்தாங்க…”

“யாரா இருந்தாலும் சரின்னு சொன்னது?”

“அதுவும் நாந்தாங்க.”

“அப்ப பாடு.”

மேஸ்திரி தொண்டையைச் செருமி ஒரு வரி எடுத்தார். அச்சுக்கு மை போடாத வண்டி ஒன்று மேடு ஏறுகிற மாதிரி இருந்தது. அரைப் பருப்பு ஒன்று பறந்து போய் முதலாளியின் செருப்பில் விழுந்தது.

“வேணாம்பா, வேணாம். துணியையே கட்டிக்கோ!”

முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். மேஸ்திரி வெள்ளைத் துணியை எடுத்து, இரண்டு சுற்றாகச் சுற்றி, பின்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டு, கம்பியோடு தன் இடத்தில் போய் நின்றார்.

பொன்னி செல்வியின் முதுகில் ஒன்று வைத்தாள்.

“ஜெயிச்சிட்டடி என் ராசாத்தி!”

“இன்னாக்கா ஜெயிச்சோம்? காதைக் குடுத்துக் கேளு. அது அழுதுக்கினுதானே இருக்குது?”

பொன்னி கேட்டாள். எல்லாரும் கேட்டார்கள்.

“அவரு சிரிச்சாரு, போயிட்டாரு. மணி அங்கியேதான் தொங்குது” என்று சொல்லி, செல்வி மடியில் இருந்த ஓடுகளை உதறிவிட்டு எழுந்தாள்.

“ஏய், எங்கடி போற? வேலை போயிடும்டி! பாடியே கேளு!”

“பாட்டுக்கு அவரு கூரையைப் பாக்கறாரு அக்கா.”

கொட்டகையில் பாட்டு நின்றுபோயிருந்தது. பாடச் சொல்ல மேஸ்திரிக்கு வாய் இல்லை. செல்வி நேராகப் போய் அவர் முன்னால் நின்றாள். அவர் கையிலிருந்த கம்பியின் மறுமுனையைப் பிடித்தாள். அப்புறம் ராகம் எதுவும் இல்லாமல், கடைசி வரிசையில் இருந்தவளுக்கும் கேட்கிற மாதிரி, விழுப்புரத்துச் சத்தத்தில் பேசினாள்.

“மேஸ்திரி, அந்த மரத்துல என் தூளி மட்டும் தொங்கல, இங்க இருக்கற அஞ்சு பேரு தூளி தொங்குது. புள்ளைங்களுக்குப் பால் நேரம். மணியை நீங்க அடிக்கிறீங்களா, இல்ல நான் அடிக்கட்டுங்களா?”